ஆயாவின் சம்பளம் எந்தக் கணக்கில்?

(1984-ல் சமூக நலத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, வடசென்னையில் ஒரு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தின் கண்காணிப்பாளராக 2019-ல் ஓய்வு பெற்ற தண்டையார்பேட்டை அம்மா ஒருவர், அரசு அலுவலகங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழிலும் பதில் தருகிறார்.)

கேள்வி: நலத்திட்டங்களுக்கு ஒதுக்குகிற பணத்தில் பெரும்பகுதி ஊழியர் சம்பளத்துக்கும் அலுவலகத்துக்குமே போய்விடுகிறது என்கிறார்கள். ஆட்களைக் குறைத்துவிட்டு அந்தப் பணத்தை நேராக மக்கள் கையில் கொடுத்தால் என்ன?
— ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே என் அண்ணன் இதைக் கேட்டார். அவர் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். "நாங்க வேலை செஞ்சா பெட்டி வெளியே வருது. உங்க ஆபீஸ்ல இருந்து என்னம்மா வெளியே வருது?" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்து வருஷம் சம்பளப் பட்டியல் போட்ட பிறகுதான் கொஞ்சம் புரிந்தது.

ஒரே ஒரு அங்கன்வாடியை எடுத்துக்கொள்வோம். இருபது குழந்தைகள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஊட்டச்சத்து உணவுக்காக ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று 2017-ல் மத்திய அரசு வகுத்தது. பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. மாதம் 25 நாள் என்று வைத்தால் இருபது குழந்தைகளுக்கு 4,000 ரூபாய் ஆகிறது. அதே மையத்தில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பணியாளருக்கு, அதாவது டீச்சருக்கு, சிறப்புக் காலமுறை ஊதியம் 7,700 ரூபாயில் தொடங்கி 24,200 வரை. உதவியாளருக்கு, அதாவது நாம் ஆயா என்று கூப்பிடுகிறவருக்கு, 4,100-ல் தொடங்கி 12,500 வரை. அகவிலைப்படியைச் சேர்க்காமல், தொடக்கச் சம்பளம் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து 11,800. சாப்பாட்டுக்கு ஆகிற பணத்தைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் "எல்லாம் சம்பளத்துக்கே போகிறது" என்கிறார்கள். கூட்டல் சரிதான். ஆனால் அந்த 11,800 ரூபாய்க்கு என்ன நடக்கிறது என்று காசிமேட்டுக்கோ வ.உ.சி. நகருக்கோ போய்ப் பாருங்கள். காலையில் ஆயா கதவைத் திறந்து கூட்டுகிறார். அடிபம்பில் தண்ணீர் அடிக்கிறார். வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டி வருகிறார். அரிசி களைந்து அடுப்பேற்றி, முட்டை அவித்து உரித்து, கை கழுவிவிட்டு, ஊட்டவும் செய்கிறார். மூத்திரம் போன ஜட்டியை அலசிப் போடுகிறார். டீச்சர் எடை போடுகிறார், உயரம் அளக்கிறார், கர்ப்பிணிகளைப் போய்ப் பார்க்கிறார், சத்துமாவு கொடுக்கிறார், தடுப்பூசி நாளில் தாய்மார்களைத் திரட்டுகிறார், எல்லாவற்றையும் ஏட்டில் எழுதுகிறார். 2021 முதல் செல்போன் செயலியிலும் ஏற்றுகிறார். இவ்வளவும் நலத்திட்டத்தைச் சுற்றி நடக்கிற வேலை இல்லை, ஐயா. நலத்திட்டமே இதுதான். அரிசியும் பருப்பும் தானாகச் சோறாகிப் பிள்ளை வாய்க்குப் போகாது.

விடியற்காலை மூன்று மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிற அம்மாவின் கையில் நீங்கள் சொல்கிறபடி அந்த எட்டு ரூபாயைக் கொடுத்துவிடலாம். பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பணமாகக் கொடுக்கிற திட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்குப் போனது. அதற்காகத் தெருவுக்குத் தெரு புது அலுவலகம் திறக்கவில்லை. நல்லதுதான். ஆனால் டோக்கனை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ரேஷன் கடை ஊழியர். முகாமில் விண்ணப்பத்தைப் பதிந்தவர்கள் தன்னார்வலர்கள். மேல்முறையீட்டைப் பார்த்தவர் வருவாய்க் கோட்டாட்சியர். அவர்களுடைய உழைப்பும் சம்பளமும் வேறு துறைகளின் ஏட்டில் ஏறியிருக்கின்றன, அவ்வளவுதான். புதுமைப்பெண் திட்டமும் அப்படியே. 2022 செப்டம்பர் 5-ல் நம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் அது தொடங்கியது. மாணவிகளின் மனுவைச் சரிபார்க்கும் வேலை கல்லூரி அலுவலகங்களுக்குப் போனது.

அப்புறம், உண்மையான நிர்வாகச் செலவு என்று ஒன்று இருக்கிறது. கண்காணிப்பாளர், உதவியாளர், ஜீப், டெலிபோன், அலமாரி. என் சம்பளம் அதில்தான் வந்தது. அதைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், நியாயமான கேள்வி. முன்பு மூன்று நாள் உட்கார்ந்து நகலோடு எழுதி, சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கு ஆள் கொண்டுபோய்க் கொடுத்த பட்டியல் இப்போது கணினியில் போகிறது. அப்படி மிச்சமாகிற ஆட்களை மையங்களைப் பார்வையிடும் வேலைக்கு அனுப்பினால் நான் முதலில் கைதட்டுவேன். ஆயாவின் சம்பளத்தையும் என் சம்பளத்தையும் ஒரே கூட்டலில் போட்டு "நிர்வாகச் செலவு" என்று பேசுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

கேள்வி: எங்கள் தெருப் பால்வாடி ஐந்து வருஷத்தில் மூன்று வீடு மாறிவிட்டது. இப்போது இருப்பது ஜன்னல் இல்லாத ஒரு அறை. அரசாங்கத்துக்கு ஒரு சின்னக் கட்டடம் கட்ட முடியாதா?
— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: முடியும் தங்கச்சி. இடம்தான் இல்லை. நம் பக்கத்தில் ரயில்வேக்கு நிலம் இருக்கிறது, துறைமுகத்துக்கு இருக்கிறது, கம்பெனிகளுக்கு இருக்கிறது. குடியிருப்புக்கு நடுவே, பிள்ளைகள் நடந்து வருகிற தூரத்தில், இரண்டு சென்ட் அரசு நிலம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அது மாநகராட்சியுடையதா, வருவாய்த் துறையுடையதா, வாரியத்துடையதா என்று கடிதம் போய் வருவதற்குள் அதில் குப்பைத் தொட்டியோ டிரான்ஸ்பார்மரோ வந்துவிடும். அதனால் வாடகை வீடு.

வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. மத்திய அரசின் விதியில் பெருநகரங்களில் மையம் ஒன்றுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை என்று இருந்ததை 2022-ல் 8,000 ஆக்கினார்கள். அந்தப் பணத்துக்குக் கழிப்பறை, தண்ணீர், சமைக்க ஓர் இடம், பிள்ளைகள் படுக்க ஓர் இடம் எல்லாம் உள்ள தரைத்தள வீடு இன்றைக்குக் கொருக்குப்பேட்டையில் கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள். சென்னையில் வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்பார். நான் இருந்த அலுவலகத்தில் அட்வான்ஸ் கொடுக்க வழியே இருந்ததில்லை. அதற்குமேல் பிள்ளைகள் சத்தம், சுவரில் கிறுக்கல், சமையல் புகை. யார் விருப்பத்தோடு வாடகைக்கு விடுவார்கள்? மனசு இருக்கிற ஒரு பாட்டியோ, வீட்டை விற்க முடியாமல் வைத்திருக்கிறவரோதான் விடுவார்கள். பாட்டி போய்ச் சேர்ந்ததும் அவருடைய மகன், மகள்கள் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். மூன்று வீடு மாறியதற்குக் காரணம் இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். அது எங்கள் அலுவலகத்தில் நடந்தது. ஒரு வருஷம் வாடகைக்கான ஒதுக்கீடு ஆறு மாதம் தாமதமாக வந்தது. சம்பளத் தலைப்பில், அதாவது சம்பளத்துக்கென்று ஒதுக்கிய கணக்கில், பணம் மிச்சம் இருந்தது, பணியிடங்கள் காலியாக இருந்ததால். ஆனால் அந்தப் பணத்தை எடுத்து "வாடகை, வீதம், வரி" என்கிற தலைப்பில் செலவு செய்ய நிதித் துறை ஒப்புதல் வேண்டும். நாங்கள் எழுதினோம். கேள்வி கேட்டு ஒரு கடிதம் திரும்பி வந்தது. அதற்குப் பதில் எழுதினோம். அதற்குள் ஒரு வீட்டுக்காரர் பூட்டுப் போடப் போகிறேன் என்றார். அந்த மையத்தின் டீச்சர் தன் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்து இரண்டு மாத வாடகையைக் கொடுத்தார். என் மேசைக்கு முன்னால் நின்று, "மேடம், பணம் வந்ததும் எனக்குச் சொல்லிடுங்க, குழுவுல வட்டி ஏறுது" என்று மட்டும் சொன்னார். அரசாங்கத்தின் வாடகைக்கு மாதம் சில ஆயிரம் சம்பளம் வாங்குகிற ஒரு பெண் வட்டி கட்டினார். எந்தக் கணக்குத் தலைப்பிலும் அந்த வட்டி வராது. நான் கோப்பை வேகமாக நகர்த்தினேன், நேரில் இரண்டு முறை போனேன். இருந்தாலும் அது நடந்ததுதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வட்டாரத்தில் மாணவர் குறைந்து அறைகள் பூட்டிக் கிடக்கிற மாநகராட்சிப் பள்ளி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பள்ளி வளாகத்துக்குள் அங்கன்வாடி இருப்பது புதிதில்லை. 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதே நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில்தான். வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கே எழுந்து சொல்லுங்கள், கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். பத்து தாய்மார்களின் கையெழுத்தோடு போன மனுவுக்கு அலுவலகத்தில் தனிக் கோப்பு திறக்கும். நான் திறந்திருக்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் கேட்டு சமூக நல அலுவலகத்துக்குப் போனேன். இங்கே இல்லை, தாலுகா ஆபீஸ் போங்கள் என்றார்கள். சமூக நலம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஏன் இப்படி அலைக்கழிக்கிறார்கள்?
— ஒரு வாசகர், காசிமேடு

பதில்: அவர்கள் சொன்னது சரியான வழிதான். பலகையில் எழுதி வைத்திருந்தால் உங்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சமாகியிருக்கும். முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் "தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம்" என்ற பெயரில் இருப்பவரைப் பாருங்கள். இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த ஓய்வூதியம் 1962-ல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கியது. ஒருவருக்கு வேறு ஆதரவு உண்டா இல்லையா என்று விசாரிக்க ஊருக்கு ஊர் ஆள் வேண்டும். அப்படி ஏற்கெனவே ஆள் வைத்திருந்தது வருவாய்த் துறைதான். புது அலுவலகம், புது ஆள் என்ற செலவு இல்லாமல் அவர்கள் தலையிலேயே வைத்தால் மிச்சம். ஆனால் அந்த மிச்சத்துக்கும் ஒரு விலை உண்டு. சான்றிதழ், பட்டா, வெள்ள நிவாரணம், தேர்தல் என எல்லாம் அதே கிராம நிர்வாக அலுவலரிடம்தான். தேர்தல் வந்தால் உங்கள் அம்மாவின் மனு அடுக்கில் கீழே போய்விடும்.

நான் சேர்ந்த காலத்தில் பென்ஷன் மணியார்டரில் வரும். மணியார்டர் கமிஷன் பிற்பாடு இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்று இருந்தது, அதாவது நூற்றுக்கு ஐந்து. பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே அவ்வளவு. இப்போது வங்கிக் கணக்கு, கைரேகைக் கருவியோடு வருகிற வங்கி முகவர். தொகை 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய். மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் வருகிற 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான், 80 வயதுக்கு மேல் 500. மீதி மாநில அரசு. மனு கொடுத்ததும் ஒப்புகை எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கேள்வி: நான் கணவரை இழந்தவள். பத்தாவது படித்திருக்கிறேன். அங்கன்வாடியில் உதவியாளர் வேலை கிடைக்குமா? எங்கள் பகுதி மையத்தில் ஒரு வருஷமாக ஆயாவே இல்லை. ஏன் ஆள் போடாமல் வைத்திருக்கிறார்கள்?
— ஒரு வாசகி, எண்ணூர்

பதில்: முதலில் உங்கள் விஷயம். 2025-ல் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அரசு ஆணை வந்தது. அதில் 3,592 உதவியாளர் இடங்கள். அந்த அறிவிப்பில் உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 20 முதல் 40 என்று இருந்தது. முதல் பன்னிரண்டு மாதம் தொகுப்பூதியம் 4,100 ரூபாய், அதற்குப் பிறகு காலமுறை ஊதியம். அதே வட்டாரத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். கணவரை இழந்தவர்களுக்கு வயதில் தளர்வும் முன்னுரிமையும் உண்டு. விதவைச் சான்று, இருப்பிடச் சான்று, மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் இப்போதே எடுத்துத் தயாராக வைத்திருங்கள். அறிவிப்பு வந்த பிறகு சான்றுக்கு ஓடினால் கடைசித் தேதி போய்விடும். இடைத்தரகர் யாராவது "இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று வந்தால் கதவைச் சாத்துங்கள். காது, மூக்கில் இருந்ததை விற்றுக் கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் ஆள் போடவில்லை என்று கேட்டீர்கள். தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள். ஒவ்வொரு மாதமும் எங்கேயாவது யாராவது ஓய்வு பெறுகிறார்கள், இறக்கிறார்கள், விலகுகிறார்கள். ஆனால் ஆள் எடுப்பது மாதாமாதம் நடப்பதில்லை. சில வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக ஆணை வரும், நடுவில் தேர்தல் வரும், வழக்கு வரும். அதுவரை பக்கத்து மையத்து டீச்சருக்குக் "கூடுதல் பொறுப்பு". அவர் காலையில் இங்கே, மதியம் அங்கே. இரண்டு இடத்திலும் பாதிப் பாதி நேரம். அதிலும் பல டீச்சர்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் இருக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போக வேண்டும்.

மேற்பார்வையாளர் நிலைமையும் இதுதான். 25 மையத்துக்கு ஒருவர் என்பது விதி. நான் இருந்த அலுவலகத்தில் ஒரு காலத்தில் ஐந்து பணியிடத்தில் இரண்டே பேர். ஆளுக்கு அறுபதுக்கும் மேல். ஒரு மையத்துக்கு மாதம் ஒரு முறை போவதென்றாலும் ஞாயிறு விடுமுறை போகத் தினம் இரண்டு மூன்று மையம், அதுவும் மணலியில் ஒன்று, எர்ணாவூரில் ஒன்று என்று பஸ் மாறி மாறி. போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வரத்தான் நேரம் இருக்கும். எடை குறைந்த குழந்தையின் வீட்டுக்குப் போய் அந்தத் தாயோடு உட்கார்ந்து பேசுவதற்குத்தான் அந்தப் பணியிடமே உருவானது. அது நடக்கவில்லை.

வருஷக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது சம்பளத் தலைப்பில் மிச்சம் காட்டி அரசுக்குத் திருப்பி ஒப்படைப்போம். "சரண்டர்" என்று பெயர். ஒரு வருஷம் அந்தத் தாளில் நான் சுருக்கொப்பம் இட்டபோது, பக்கத்தில் இருந்த தட்டச்சர், "பரவாயில்லையே மேடம், இவ்வளவு சேமிச்சிருக்கோம்" என்றார். அது சேமிப்பு இல்லை என்று அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷமாக ஆயா இல்லை என்கிறீர்களே, அப்படி இல்லாத ஆயாக்களின் சம்பளம்தான் அந்த மிச்சம்.

கேள்வி: மார்ச் மாதம் வந்தால் அரசு அலுவலகங்களில் மேசை, நாற்காலி, பீரோ என்று இறக்குகிறார்களே, இது வீண் செலவுதானே?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பெரும்பாலும் ஆமாம். மார்ச் 31-க்குள் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். ஒதுக்கீடு வருவதோ பல நேரம் பிப்ரவரி, மார்ச்சில். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு முறை மார்ச் நடுவில் தளவாடத்துக்கு என்று பணம் வந்தது. மையங்களில் எடை இயந்திரங்கள் பழுதாகிக் கிடந்தன. ஆனால் அந்தத் தலைப்பில் தளவாடம்தான் வாங்க முடியும். வாங்கினோம். ஏற்கெனவே மழை ஒழுகுகிற அறையில், கோப்புகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த இடத்தில், இரண்டு புது இரும்பு பீரோக்கள் வந்து நின்றன. வேண்டாம் என்று எழுதியிருக்கலாம். எழுதினால் அடுத்த வருஷம் ஒதுக்கீட்டையே குறைப்பார்கள் என்று பயந்தோம். அந்தப் பயத்துக்கு நானும் உடந்தைதான்.

ஜீப் விஷயம் இதைவிட மோசம். ஓட்டுநர் இருப்பார், சம்பளம் போகும். டீசல் ஒதுக்கீடு மூன்றாம் காலாண்டிலேயே தீர்ந்துவிடும். தபால்தலையும் அப்படித்தான். சர்வீஸ் ஸ்டாம்பு தீர்ந்துபோய், அவசரக் கடிதங்களை அலுவலக உதவியாளர் தன் கைக்காசில் பஸ் ஏறித் தரமணி இயக்குநரகத்தில் கொண்டுபோய்க் கொடுத்த நாட்கள் உண்டு. சின்னச் செலவுக்கு அந்தந்த அலுவலகத்திலேயே முடிவெடுக்கிற மாதிரி ஒரு நிலை முன்பணம், அதாவது கையிலேயே வைத்துச் செலவழிக்கிற தொகை, போதுமான அளவு இருந்தால், பீரோவும் வந்திருக்காது, எடை இயந்திரமும் பழுதாகிக் கிடந்திருக்காது.

கேள்வி: நான் பொருளியல் மாணவி. எங்கள் மாவட்டத்தில் இந்தத் துறைக்கு எத்தனை பேர், எவ்வளவு செலவு என்று எங்கே பார்ப்பது?
— ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: மூன்று இடம். ஒவ்வொரு துறையும் செலவுக்குப் பணம் கேட்டு சட்டமன்றத்தில் ஒவ்வோர் ஆண்டும் வைக்கிற மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கு எண் 45. (2021 வரை பெயரில் "சத்துணவுத் திட்டம்" என்று இருந்தது. பழைய ஆவணத்தைத் தேடும்போது குழம்ப வேண்டாம்.) சம்பளம், பயணப்படி, அலுவலகச் செலவு, வாடகை எல்லாம் தனித்தனி வரியில் வரும். இரண்டாவது, கொள்கை விளக்கக் குறிப்பு. கொஞ்சம் பெருமை பேசும், ஆனால் பணியிட எண்ணிக்கைகள் அதில் கிடைக்கும்.

உங்கள் வட்டார அளவில் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 4(1)(ஆ) பிரிவின்படி ஊழியர்களின் மாத ஊதியத்தையும் ஒதுக்கீட்டையும் அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும். இல்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்பு) ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். ஏன், எதற்கு என்று கேட்டால் "கருத்துக் கேட்க முடியாது" என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, வாடகைத் தலைப்பில் ஒதுக்கீடு எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, செலவு எவ்வளவு. தேதி கேட்பதை மறக்காதீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில், உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கன்வாடிக்கு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் என்று தனி இயக்குநரகம், அது தரமணியில்.

கேள்வி: மாநகராட்சிப் பள்ளியில் படித்தபோது மதியம் சாப்பாடு போட்டார்கள் என்று என் தாத்தா சொல்வார். அவர் படித்தது 1920-களில். எம்.ஜி.ஆருக்கும் காமராஜருக்கும் முன்னால் அப்படி ஒன்று இருந்ததா?
— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இருந்தது. அதைத் தொடங்கியவர் பெயரில்தான் உங்கள் பேட்டையில் கல்லூரி இருக்கிறது. சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு என்று அதிலேயே எழுதினார்கள். பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் போனது.

1925-ல் அது நின்றது. பிள்ளைகள் வராமல் நிற்கவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சொன்னதால் நின்றது. கல்வி நிதி கல்விக்கு, சாப்பாடு கல்வி இல்லை என்கிற கணக்கு. இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் அலுவலகத்து வாடகைத் தலைப்பு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்க மதிய உணவு என்பது 1956-ல் காமராஜர் காலத்தில்தான். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கியபோது மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர் என்று ஆளையும் சேர்த்தே போட்டார்கள். அதனால் அது நிலைத்தது என்பது என் எண்ணம். அந்த ஆணையின் நகல்கள் எங்கள் அலுவலகத்தில் மஞ்சளாகிப்போன காகிதக் கட்டு ஒன்றில் இருந்தன. சேர்ந்த புதிதில் அவற்றை நான் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன்.

உங்கள் தாத்தா எந்தப் பள்ளி என்று சொன்னாரா? இலையில் என்ன போட்டார்கள், யார் சமைத்தார்கள் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடச் சொல்கிறேன்.